ஊதும் சூரியனும் உதிர்ந்த பெயர்களும்

சுப்ரமணியன் சந்திரசேகர் என்றதும் நமக்கு நினைவு வருபவை இரண்டு: 1935 ஜனவரியில் லண்டனில் எடிங்டன் அவரைக் கேலி செய்தது, 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றது. தமிழ்ப் பெருமிதத்துக்கு இந்தக் கதையாடல் ரொம்ப வசதி. நடுவே, 1942இல், அவர் இன்னொருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சூரியன் போன்ற விண்மீன்கள் வயதானால் ஏன் ஊதிப் பெருக்கின்றன என்ற கேள்வியின் வரலாறு அதன் வழியாகத்தான் போகிறது. அந்த இன்னொருவர் பிரேசில்காரர், கம்யூனிஸ்ட்.

இந்தக் கேள்வி முதலில் தலைகீழாக நின்றது. பெருத்த சிவப்பு விண்மீன்தான் குழந்தை, அது சுருங்கிச் சுருங்கி வயதாகிறது என்பது 1913 வாக்கில் அமெரிக்காவின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் வைத்த கணக்கு. அவர் மையத்து ஆள், சொன்னால் எடுபடும். (விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று 1925இல் சிசிலியா பெய்ன் கண்டபோது, சாத்தியமில்லை என்று அவரைப் பின்வாங்க வைத்தவரும் இவரே. 1929இல் தானே ஒப்புக்கொண்டார்.)

அதை நிமிர்த்தியவர் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் இருந்த எர்ன்ஸ்ட் ஏபிக், 1938இல். விண்மீன் ஒன்றும் கிண்டிவிட்ட கூழ் இல்லை என்றார். நடுவில் எரிந்து தீர்ந்த ஹைட்ரஜன் ஹீலியச் சாம்பலாக அங்கேயே தங்கும். வெளியே உள்ள ஹைட்ரஜன் அதோடு கலக்காது. அப்படிப்பட்ட விண்மீன் பெருக்கத்தான் செய்யும்.

சந்திரசேகரும் மாரியோ ஷென்பெர்க்கும் அந்தச் சாம்பல் கருவுக்கு ஒரு வரம்பு கண்டார்கள். கரு மொத்த நிறையில் சுமார் 10 சதவீதத்தைத் தாண்டினால் மேலிருக்கும் சுமையைத் தாங்க முடியாமல் ஒடுங்கும். சூரியன் அளவுள்ளவற்றில் இந்த வரம்பு கறாராகச் செயல்படுவதில்லை. அங்கே கரு அடர்ந்துபோய், எடிங்டனோடு நடந்த சண்டையில் அடிபட்ட அதே எலெக்ட்ரான் அழுத்தம் முட்டுக் கொடுக்கிறது. ஆனாலும் கரு மெல்ல ஒடுங்கிச் சூடேறும். அதைச் சுற்றிய மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் முன்னைவிட மூர்க்கமாக எரியும். மேலுறை விரியும், விரிந்த பரப்பு குளிர்ந்து சிவக்கும். சூரியனுக்கு இது நேர இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் ஆகும். உச்சத்தில் அதன் ஆரம் இன்றைப்போல் 200 மடங்கைத் தாண்டும். உள்ளே ஒடுங்குவதும் வெளியே ஊதுவதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள். இதைப் பேரரசுகளுக்கு உவமையாக்க எனக்கும் கை அரிக்கிறது. வேண்டாம், விண்மீன் விண்மீனாகவே இருக்கட்டும்.

1955இல் ஃபிரெட் ஹாயிலும் மார்ட்டின் ஷ்வார்ஸ்சில்டும் இந்தப் பெருக்கத்தை விரிவாகக் கணக்கிட்டார்கள். ஷ்வார்ஸ்சில்டு நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறியவர்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த ஆட்களின் சேர்க்கை. ஏபிக் 1944இல் செஞ்சேனை நெருங்கியபோது நாட்டைவிட்டு ஓடி அகதியானார். ஷென்பெர்க் செங்கொடி பிடித்ததற்காகச் சிறை போனார். நம் தோழர்களுக்கு முதல் பெயரைச் சொல்ல நா எழாது. தமிழ்ப் பெருமைக்காரர்களுக்கு இரண்டாவது பெயர் தேவைப்படாது. இப்படி ஆளுக்கொரு பெயரை உதிர்த்துவிட்டால் மிஞ்சுவது தனி மேதை ஒருவரின் புராணம்தான்.

ஷென்பெர்க் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் சாவோ பாலோ மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1948இல் அந்தப் பதவி பறிக்கப்பட்டது. 1969இல் ராணுவ ஆட்சி அவரைப் பல்கலைக்கழகத்திலிருந்தும் வெளியேற்றியது. வானியல் பாடநூல்கள் அந்த வரம்பை இன்றும் ஷென்பெர்க்–சந்திரசேகர் எல்லை என்றே குறிப்பிடுகின்றன, அவர் பெயரை முன்னால் வைத்து.