வார்டில் சர்க்கரை நோயாளி: செவிலியப் பராமரிப்பு குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளர் பலர் அந்த நோய்க்காக மருத்துவமனையில் சேர்வதில்லை. நிமோனியா, மாரடைப்பு, கால்புண் என்று வேறு காரணத்துக்காக வருகிறார்கள். நோய்த்தொற்றும் ஸ்டீராய்டும் சர்க்கரையை ஏற்றும். பசியின்மையும் அறுவைக்கு முந்தைய பட்டினியும் இறக்கும். மருத்துவர் எழுதும் இன்சுலின் அளவு சரியாக இருந்தால் மட்டும் போதாது, அது எந்த நேரத்தில் உடலுக்குள் போகிறது என்பதும் அதே அளவு முக்கியம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. அந்த நேரம் செவிலியர் கையில் இருக்கிறது.

2. இலக்கு

பெரும்பாலான உள்நோயாளிகளுக்கு டெசிலிட்டருக்கு 140–180 மில்லிகிராம் போதும். தீவிர சிகிச்சைப் பிரிவில் 81–108க்குள் இறுக்கிப் பிடித்தபோது இறப்பு கூடியதை 2009இல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு காட்டியது. எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் வார்டுக்கு உதவாது.

3. பரிசோதனை, ஊசி, உணவு

இம்மூன்றும் பல மருத்துவமனைகளில் வெவ்வேறு ஆட்களின் பொறுப்பு, சிக்கல் அங்கேதான். ரெகுலர் இன்சுலினை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு போட வேண்டும். விரைவு வகையை, நோயாளி சாப்பிடுவாரா என்பது ஐயமாக இருந்தால், தட்டு வந்தபிறகு போடுவதே பாதுகாப்பு. காலை ஆறு மணிக்குப் பார்த்த அளவை வைத்து, எட்டரைக்கு இட்லி வரும்போது ஊசி போடுவது பழைய கணக்குக்குப் புது மருந்து. பழம் உரித்த கையைக் கழுவாமல் விரலைக் குத்தினால் அளவு பொய்யாக ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

4. சிரிஞ்சு

இந்தியாவில் இன்சுலின் குப்பி பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. கார்ட்ரிட்ஜ் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குப்பி மருந்தை ஆரஞ்சு மூடியில் இழுத்தால் 10க்குப் பதில் 4தான் போகும். பேனா மருந்தைச் சிரிஞ்சில் எடுக்கும் பழக்கம், அவசரத்துக்கு என்றாலும், ஒழிய வேண்டும்.

5. தாழ்சர்க்கரை

70க்குக் கீழே இறங்கினால், நினைவோடு இருப்பவருக்கு 15 கிராம் குளுக்கோஸ். 15 நிமிடத்தில் மறுபரிசோதனை. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ்தான். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்குப் படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வை தெரியும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு மாத்திரையால் இறங்கிய சர்க்கரை, ஏற்றிய பிறகும் மறுபடி இறங்கக்கூடும். சிறுநீரகம் பழுதுபட்ட முதியவரை இரவு முழுவதும் கவனிக்க வேண்டும்.

6. பரிந்துரை

சேர்ந்த அன்றே பாதத்தையும் விரலிடுக்கையும் பார்ப்பது எல்லா வார்டிலும் கட்டாயமாகட்டும். உணவு வண்டி வரும் நேரத்தை நிர்வாகம் முடிவுசெய்யும்போது வார்டுச் செவிலியரைக் கேட்டே முடிவுசெய்ய வேண்டும்.