ஒன்றுக்கு இரண்டு நாலு: கான்கிரீட் தர விதிகளின் வரலாறு

கான்கிரீட்டின் தரத்தை இரண்டு வழிகளில் வரையறுக்கிறார்கள். எந்தப் பொருளை எந்த விகிதத்தில், எப்படிக் கலக்க வேண்டும் என்று விதிப்பது செய்முறை விதி. இறுகிய கான்கிரீட் எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், எவ்வளவு காலம் நிலைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, அதை எட்டும் வழியைக் கட்டுபவரிடம் விடுவது செயல்திறன் விதி. ஆய்க்குடி போன்ற தென்காசிப் பக்கத்து ஊர்களில் வீடு கட்டுவோரிடம் இன்றும் செல்வாக்கோடு இருப்பது முன்னதுதான்.

சுண்ணாம்புக் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, எவ்வளவு அரைப்பது, கடுக்காய்த் தண்ணீரை எப்போது சேர்ப்பது என்பதெல்லாம் கொத்தனாரின் கைப்பழக்கம். 1887 முதல் 1895 வரை கட்டப்பட்ட முல்லைப் பெரியாறு அணையும் சுண்ணாம்பு, சுர்க்கி (செங்கல் தூள்) கலவையால் எழுந்ததே. மெட்ராஸ் மாகாணப் பொதுப்பணித் துறை தன் விரிவான தர விவரக்குறிப்புகளில் இத்தகைய வேலைமுறைகளைத் தாளில் ஏற்றியது. ஜல்லியின் அளவு, மணலின் சுத்தம், கலக்கும் முறை என எல்லாம் அதில் எழுத்தில் வந்தன.

1949இல் திருநெல்வேலியை அடுத்த தாழையூத்து சங்கர்நகரில் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை இயங்கத் தொடங்கியதும், சிமென்ட் இந்த வட்டாரத்துக்கே பக்கத்துச் சரக்காயிற்று. ஒரு பங்கு சிமென்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு ஜல்லி என்ற கணக்கு எல்லாருக்கும் மனப்பாடமாயிற்று. சிமென்ட்டுக்கு அரசின் கட்டுப்பாடும் பெர்மிட்டும் இருந்த காலம் அது. 1982இல் பாதியும் 1989இல் முழுதுமாகத்தான் அந்தக் கட்டுப்பாடு விலகியது. மூட்டை அரிதாயிருந்த வரை, எத்தனை மூட்டை போட்டார்கள் என்பதே தரத்தின் அளவுகோலாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்த விகிதத்தில் தண்ணீருக்கு இடமில்லை. கான்கிரீட்டின் வலுவைப் பெரிதும் முடிவு செய்வது சிமென்ட்டுக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் என்று சிகாகோவில் டஃப் ஏப்ரம்ஸ் 1918இலேயே காட்டிவிட்டார். குற்றாலச் சாரல் காலத்தில் இந்தத் தண்ணீர்க் கணக்கு இன்னும் சிக்கலாகிறது. ஈரமான மணல் உப்பிக்கொள்ளும். கன அளவு கால் பங்கு வரைகூடக் கூடும். ஒரு மூட்டை சிமென்ட்டின் கன அளவு 35 லிட்டர். அந்த அளவுப் பெட்டியால் மணலை அளந்தால், பெட்டி நிறைந்திருக்கும், மணல் குறைந்திருக்கும். மணலோடு வந்த தண்ணீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கலவை இளகலாக இருந்தால் வேலை சுலபம் என்று மேலும் ஒரு குடம் ஊற்றுவதும் நடக்கிறது. விகிதத்தை மீறாமலே கான்கிரீட்டைக் கெடுக்க முடியும் என்பதுதான் செய்முறை விதியின் பெரிய ஓட்டை.

இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, 1953இல் முதலில் வெளிவந்தது. 1964 பதிப்பின் எம் 150, எம் 200 போன்ற தரங்களில் உள்ள எண், 28ஆம் நாளில் மாதிரிக் கட்டி ஒரு சதுர சென்டிமீட்டருக்குத் தாங்க வேண்டிய கிலோவைக் குறித்தது. 1978இல் அலகு மாறி அவை எம் 15, எம் 20 ஆயின. கேள்வி, என்ன போட்டீர்கள் என்பதிலிருந்து எவ்வளவு தாங்குகிறது என்பதற்கு நகர்ந்தது.

2000ஆம் ஆண்டுப் பதிப்பு இரண்டையும் கலந்தது. கட்டியை நசுக்கிப் பார்த்தால் வலு தெரியும். உள்ளே கம்பி எப்போது துருப்பிடிக்கும் என்பது தெரியாது. ஆகவே நீடிப்புக்காக, சூழலுக்கேற்பக் குறைந்தபட்ச சிமென்ட்டும் அதிகபட்ச நீர் விகிதமும் விதிக்கப்பட்டன. மழை படும் கம்பிக் கான்கிரீட்டுக்குக் கன மீட்டருக்கு 300 கிலோ சிமென்ட், 0.5 நீர் விகிதம், எம் 25 தரம். மாறி மாறி நனைந்து காயும் இடத்துக்கு 320 கிலோ, 0.45, எம் 30. அதே விதிநூல், பெட்டிக் கணக்குக் கலவையை எம் 20க்கு மேல் அனுமதிப்பதில்லை. ஒன்றுக்கு இரண்டு நாலு என்பது ஏறத்தாழ எம் 15. விதிப்படி பார்த்தால் கம்பி கட்டிப் போடும் எந்தக் கான்கிரீட்டுக்கும் அது போதாது. சாரலில் நனையும் திறந்த தளத்துக்கு எம் 20கூடப் போதாது.

மணல் விஷயத்திலும் இதே நகர்வு நடந்தது. ஐ.எஸ். 383இன் 1970 பதிப்பு இயற்கை மூலங்களிலிருந்து வரும் மணலையும் ஜல்லியையும் பற்றியே பேசியது; கல்லை உடைத்துச் செய்யும் மணலும் அதில் அடங்கும். 2016 பதிப்பு பிற மூலங்களிலிருந்து தயாரிக்கும் பொருள்களையும் ஏற்றது. ஆற்றில் அள்ளியதா ஆலையில் உடைத்ததா என்பதைவிடச் சல்லடைத் தேர்வில் தேறுகிறதா என்பது முக்கியமாயிற்று. 

கனடா 2004இல் தன் கான்கிரீட் தர விதியில் செய்முறை, செயல்திறன் என்ற இரு வழிகளையும் தனித்தனியே வைத்து, எந்த வழியில் பொறுப்பு யாருடையது என்றும் எழுதியது. பொறுப்பைப் பிரித்துச் சொல்லாத செயல்திறன் விதி, குறை வந்தபின் ஒருவரை ஒருவர் காட்டவே உதவும். ஆகவே கனடா செய்தது சரி.

வீட்டு அளவிலும் செயல்திறனைச் சோதிப்பது கடினமல்ல. ஆய்க்குடியில் 1000 சதுர அடித் தளம் 5 அங்குலக் கனத்தில் போட்டால் ஏறக்குறைய 12 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். அதற்கு ஐ.எஸ். 456 கேட்பது இரண்டு மாதிரிகள், அதாவது 150 மில்லிமீட்டர்க் கட்டிகள் ஆறு. தளம் போடும் நாளில் அந்த ஆறு கட்டிகளையும் எடுத்து, தேதி எழுதி, 28 நாள் தண்ணீரில் வைத்துச் சோதிக்கச் சொல்வதற்கு வீட்டுக்காரர்கள் தயங்க வேண்டியதில்லை.