பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஏறிய வகுப்பறை

1979இல் தொடங்கிய ஒரு சோதனையில், தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றின் ஆங்கிலப் பாடம் ரயில் அட்டவணையோடும் நடந்தது. பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் சென்னையில் எத்தனை மணிக்குக் கிளம்புகிறது? பெங்களூர் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஆசிரியர் கேட்டார், பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். இலக்கண விதி எதுவும் கரும்பலகைக்கு வரவில்லை.

சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு தொடங்கிய சோதனை அது. பின்னாளில் பெங்களூர்த் திட்டம் என்று ஆங்கிலக் கற்பித்தல் உலகம் அதை அறிந்தது. பொருளில் மனம் ஊன்றும்போது இலக்கணம் தானாகப் படியும் என்பது அவர் கருத்து. வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிக்கவைத்துப் பழகிய ஆசிரியர்களுக்கு இது பெரிய மாற்றம்.

அதனால்தான் பெங்களூர் மண்டல ஆங்கில நிறுவனத்தில் இந்தச் சோதனை பற்றி நடந்த ஆய்வரங்குகள் முக்கியமானவை. புதிய முறையைப் பரப்பும் மேடையாக மட்டும் அவை நிற்கவில்லை. முறை பற்றிய கேள்விகள் நிஜ வகுப்புகளை வைத்தே அலசப்பட்டன. ஓர் ஆசிரிய மாநாட்டுக்கு இதைவிட நல்ல வேலை வேறு உண்டா?

சோதனை 1984இல் முடிந்தது. ஆய்வாளர்கள் ஆலன் பெரெட்டாவும் ஆலன் டேவிஸும் அதன் பலனை மதிப்பிட்டு 1985இல் எழுதினர். சோதனை பற்றிய பிரபுவின் நூல் 1987இல் வந்தது. மிகச் சிறந்த கற்பித்தல் முறை என ஒன்று உண்டா என்றே 1990இல் அவர் ஒரு கட்டுரையில் கேட்டார்.