பணிசெயல் முறைமையும் கணனி விளையாட்டும்: எழுதப்படாத உடன்பாடொன்றின் வரலாறு

கணனி விளையாட்டுக்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவோ, அன்றி வன்பொருளின் வளர்ச்சி வரலாறாகவோ எழுதப்பட்டு வந்துள்ளது. விலை கொடுத்து வாங்கிய விளையாட்டை வாங்கியவர் எத்துணைக் காலம் விளையாட முடிந்தது என்னும் வினா அவ்வரலாறுகளிலே அருகியே எழுப்பப்படுகின்றது. நேற்றுவரை குறைவின்றி இயங்கிய விளையாட்டொன்று, பணிசெயல் முறைமை இற்றைப்படுத்தப்பட்ட மறுநாள் திறக்க மறுக்கின்றது. அல்லது திறந்து, கருந்திரையுடன் உறைந்து நிற்கின்றது. விளையாட்டின் செய்நிரலில் ஓரெழுத்துத்தானும் மாறியிருப்பதில்லை. அவ்வாறாயின் தவறு யாருடையது? முறைமையை ஆக்கிய நிறுவனத்தினதா, விளையாட்டை ஆக்கியோரதா, இற்றைப்படுத்தலுக்கு இசைந்த பாவனையாளரதா? இவ்வினாவுக்கு 1981 தொடக்கம் இன்றுவரை ஒரே விடை வழங்கப்பட்டதில்லை. அவ்விடை மாறிவந்த வகையினை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணிசெயல் முறைமை என்பது வன்பொருளுக்கும் ஏனைய செய்நிரல்களுக்கும் இடையே நின்று நினைவகம், திரை, ஒலி, கோப்பு ஆகியவற்றைப் பங்கிட்டு வழங்கும் அடிப்படைச் செய்நிரலாகும். அதனிடம் எதனை எவ்வாறு கேட்கலாம் என்பதற்கு வெளியிடப்பட்ட விதிகள் உள்ளன. ஆயின் செய்நிரல் எழுதுவோர் விதிகளை மட்டும் நம்பி எழுதுவதில்லை. முறைமை நடைமுறையில் எவ்வாறு நடந்துகொள்கின்றது என்பதைக் கண்டு, அந்நடத்தையையும் நம்பி எழுதுகின்றனர். முன்னையது சட்டம், பின்னையது வழக்கம். தேசவழமையை அறிந்த நம்மவர்க்கு வழக்கம் எத்துணை வலியது என்பதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. விளையாட்டுக்கள் இவ்வழக்கத்தின்மீதே பெரிதும் கட்டப்பட்டன. வேகம் அவற்றுக்கு உயிர்நாடி. வேகத்தின் பொருட்டு விதியைக் கடந்து செல்லும் ஆவல் அவற்றின் இயல்பு.

ஐ.பி.எம். தனியாள் கணனி 1981 ஓகஸ்ட் மாதத்திலே வெளிவந்தது. அதனுடன் வந்த டொஸ் முறைமை, விளையாட்டைப் பொறுத்தவரை வாயிற்காவலன் போன்றது; உள்ளே விட்டபின் எதனையும் கேட்பதில்லை. விளையாட்டு திரையின் நினைவகத்திலே நேரடியாக எழுதியது. ஒலி அட்டையுடன் நேரடியாகப் பேசியது. இச்சுதந்திரத்தின் விலையைப் பாவனையாளரே செலுத்தினர். 640 கிலோபைற் எல்லைக்குள் போதிய இடம் காண்பதற்காகத் தொடக்கக் கோப்புக்களைத் திருத்துவதும், விளையாட்டுக்கெனத் தனி நெகிழ்வட்டொன்றைத் தயாரித்து அதிலிருந்து கணனியைத் தொடக்குவதும், ஒலி அட்டையின் எண்களை நினைவில் வைத்திருப்பதும் அக்காலத்து இளைஞர் பலரின் முதற் கணனிக் கல்வியாயிற்று. துன்பந்தான், எனினும் தம் கணனியின் உள்ளமைப்பை அறிந்த ஒரு தலைமுறை அதனால் உருவாயிற்று என்பதையும் மறுத்தல் இயலாது.

விண்டோஸ் முறைமைக்கு விளையாட்டுக்களை இழுத்துவர மைக்ரோசொப்ற் நிறுவனம் எடுத்த முதல் முயற்சி இடறிற்று. விண்டோஸ் 3.1 இலே விரைவாகப் படம் வரைவதற்கென 1994 இல் 'விங்-ஜி' எனும் மென்பொருட்டொகுதி வெளியிடப்பட்டது. அதனைப் பயன்படுத்தி ஆக்கப்பட்ட டிஸ்னி நிறுவனத்தின் 'லயன் கிங்' கதைவட்டு அவ்வாண்டு நத்தார்க் காலத்திலே விற்பனைக்கு வந்தது. கொம்பாக் பிரசாரியோ கணனிகளின் திரைச் செலுத்திகளுடன் அது ஒத்துப்போகாமையால், பரிசுப் பொதியைப் பிரித்த பிள்ளைகள் கண்டது சிங்கத்தையன்று, செயலிழந்த கணனியையே. இத்தோல்வியின் பின்னணியிலேயே அலெக்ஸ் சென் ஜோன், கிரெயிக் ஐஸ்லர், எரிக் எங்ஸ்ரொம் ஆகிய மூவரும் முன்னின்று உருவாக்கிய 'டிரக்ற்எக்ஸ்' 1995 இலே வெளிவந்தது. வன்பொருளை நேரே தொடும் சுதந்திரத்துக்கு மாற்றாக, விதிக்குட்பட்ட வேகத்தை அது வழங்கிற்று. 'டூம்' விளையாட்டை விண்டோஸ் 95 க்கு மாற்றியெழுதும் பணியையும் மைக்ரோசொப்ற் தானே மேற்கொண்டது.

இவ்விடத்து 'சிம்சிற்றி'யின் கதையைச் சற்று விரிவாகக் கூறல் வேண்டும். விண்டோஸ் 3 க்கு அதனை எழுதிய ஜோன் றொஸ் தம் செய்நிரலில் வழுவொன்றை அறியாது விட்டுவிட்டார்: நினைவகத்தின் ஒரு பகுதியை முறைமையிடம் திருப்பிக் கொடுத்த பின்னரும் செய்நிரல் அப்பகுதியை வாசித்தது. வாடகைவீட்டின் திறப்பைக் கையளித்தவர் மறுகணமே உள்ளே சென்று தம் பெட்டியைத் தேடுவது போன்றது இது. பழைய முறைமையிலே வீட்டுக்கு அடுத்த குடியிருப்பாளர் உடனே வருவதில்லையாதலின் பெட்டி அங்கேயே இருந்தது, வழு வெளித்தெரியவில்லை. விண்டோஸ் 95 இலோ நினைவகம் உடனே பிறருக்கு வழங்கப்படலாயிற்று, விளையாட்டு சரிந்தது. சட்டப்படி நோக்கின் தவறு முழுவதும் விளையாட்டினுடையது. ஆயினும் விண்டோஸ் 95 ஐ ஆக்கியோர் அச்செய்நிரலைப் பகுத்து ஆராய்ந்து, இயங்குவது சிம்சிற்றியா எனப் பார்த்து, ஆமெனில் நினைவகத்தை உடனே பிறர்க்கு வழங்காது வைத்திருக்கும் சிறப்பேற்பாடொன்றைத் தம் முறைமையிலேயே எழுதிவைத்தனர். இச்செய்தியை ஜோயல் ஸ்பொல்ஸ்கி தம் கட்டுரையொன்றிலே பதிவு செய்துள்ளார். விண்டோஸ் 95 இன் ஆக்கத்திலே பங்குகொண்ட றேமண்ட் சென் கூறும் செய்தியும் இதனோடு ஒப்பு நோக்கற்பாலது. ஆக்கக் குழுவின் முகாமையாளர் பாரவண்டியொன்றை ஓட்டிக்கொண்டு மென்பொருட் கடையொன்றுக்குச் சென்று, அங்கிருந்த ஒவ்வொரு செய்நிரலிலும் ஒவ்வொரு பிரதி வாங்கிவந்து, அவற்றைப் பரிசோதிக்கும் பொறுப்பைப் பணியாளரிடையே பகிர்ந்தளித்தாராம்.

இதனை நிறுவனமொன்றின் பெருந்தன்மை என்று கொள்வது பேதைமையாகும். புதிய முறைமையை வாங்கியவர் தம் விளையாட்டு இயங்காமை கண்டால் விளையாட்டைக் குறைகூறார். அண்மையில் மாறியது எதுவோ அதனையே குறைகூறுவார். முறைமை கடைகளிலே பெட்டியில் விற்கப்பட்ட காலமது. பழையதைக் காத்தல் புதியதை விற்பதற்கான வழியாயிருந்தது. அப்பொருளாதார நியாயம் இருந்தவரையில் வழக்கத்தைப் பேணும் சுமையை முறைமையின் சொந்தக்காரர் தாமே சுமந்தனர்.

அந்நியாயம் ஒரே நாளிற் குலைந்ததன்று. 2001 ஒக்டோபரிலே விண்டோஸ் எக்ஸ்.பி. வெளிவந்தபோது டொஸ் அடித்தளம் வீட்டுக் கணனிகளிலிருந்து நீங்கிற்று. டொஸ் விளையாட்டுக்கள் பல ஊமையாயின அல்லது முடங்கின. மறு ஆண்டிலேயே, பழைய கணனியை மென்பொருளாலே போலச்செய்யும் 'டொஸ்பொக்ஸ்' தன்னார்வலர் முயற்சியாக வெளிவந்தது. 2007 இல் வந்த விண்டோஸ் விஸ்ரா, ஒலியை வன்பொருளுக்கு நேரே அனுப்பும் வழியை அடைத்தமையால் சூழொலியைச் சிறப்பாகக் கொண்ட விளையாட்டுக்கள் அச்சிறப்பை இழந்தன. 64 பிற் விண்டோஸ் 16 பிற் செய்நிரல்களை முற்றாகக் கைவிட்டது. இதிலே வேடிக்கை யாதெனின், 1990 களின் விளையாட்டுக்கள் சில தாம் 32 பிற் ஆயினும் அவற்றை நிறுவும் செய்நிரல் 16 பிற் ஆயிருந்தமையாகும். வீடு நன்றாகவே உள்ளது; வாயிற்படிதான் இல்லை.

2015 ஆம் ஆண்டினை இவ்வரலாற்றின் திருப்புமுனையாகக் கொள்ளலாம். இறுவட்டுக்களைச் சட்டவிரோதமாகப் பிரதி பண்ணுவதைத் தடுக்க 'சேவ்டிஸ்க்' எனும் காப்புமுறை 1990 களின் இறுதி முதல் பல விளையாட்டுக்களிலே சேர்க்கப்பட்டிருந்தது. 'பற்றில்பீல்ட் 1942' அவற்றுள் ஒன்று. இக்காப்புமுறை முறைமையின் உட்கருவிலே இயங்கும் செலுத்தியொன்றை வேண்டிநின்றது. அச்செலுத்தியிலே பாதுகாப்புக் குறைபாடு உண்டென்பது 2007 இலேயே வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. 2015 யூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 அதனை அறவே ஏற்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பர் மாதப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல் விஸ்ரா, 7, 8 ஆகிய பழைய முறைமைகளிலும் அதனை முடக்கிற்று. பாதுகாப்பு நோக்கில் இத்தீர்மானம் குறைகூறத்தக்கதன்று. ஆயின் அதன் சுமை யார்மீது வீழ்ந்தது என்பதை நோக்குக. காப்புமுறையை நீக்கிக் களவாகப் பிரதி பண்ணப்பட்ட விளையாட்டு தடையின்றி இயங்கிற்று. பணம் கொடுத்துக் கடையில் வாங்கிய மூல வட்டே இயங்க மறுத்தது. நேர்மையாளரைக் கள்வரிடமிருந்து பிரித்தறிய இடப்பட்ட அடையாளமே ஈற்றில் நேர்மையாளரை வெளியேற்றிற்று.

அப்பிள் நிறுவனத்தின் மரபு இதினின்றும் வேறானது. பழையதைக் கைவிடுவதை அது ஒளிப்பதில்லை, முன்னறிவித்தே செய்கின்றது. பவர்பிசி செய்நிரல்களைத் தாங்கிய 'றொசெற்றா' 2011 இலே நீக்கப்பட்டது. 2017 இல் ஐ.ஓ.எஸ். 11 உம் 2019 ஒக்டோபரில் மக் கணனிகளுக்கான கற்றலீனாவும் 32 பிற் செய்நிரல்களுக்கு விடைகொடுத்தன. அலுவலகச் செய்நிரலாயின் அதனை விற்றவர் புதிய பதிப்பொன்றை வெளியிடுவர். விளையாட்டோ ஒருமுறை எழுதி விற்று முடிக்கப்படும் பொருள். பத்தாண்டுகளின் பின் அதனை ஆக்கிய நிறுவனமே சில வேளை உலகில் இராது. இவ்வேறுபாட்டை அப்பிளும் பிந்தியேனும் உணர்ந்திருத்தல் வேண்டும். 2025 இலே, இரண்டாம் றொசெற்றாவை நிறுத்தும் காலத்தை அறிவித்தபோது, பராமரிப்பாரற்ற பழைய விளையாட்டுக்களின் பொருட்டு அதன் ஒரு பகுதியை விட்டுவைப்பதாகவும் அது கூறிற்று.

இற்றைப்படுத்தாது இருந்துவிடலாமே எனச் சிலர் வினவக்கூடும். முன்னர் அது இயன்றது. விண்டோஸ் 10 இன் வீட்டுப் பதிப்பிலே இற்றைப்படுத்தல்களை நிரந்தரமாக மறுக்கும் உரிமை பாவனையாளரிடமிருந்து எடுக்கப்பட்டது. 2021 ஏப்ரல் மாத இற்றைப்படுத்தல் சில விளையாட்டுக்களின் வேகத்தைக் குறைத்தபோது, அதனைக் கேளாமலே பெற்றவர் பலர். பழைய கணனியைத் தொடாது வைத்திருப்பினும் பயனில்லை. விளையாட்டுக்களை விற்கும் 'ஸ்ரீம்' கடை 2019 சனவரி 1 இலே எக்ஸ்.பி., விஸ்ரா ஆகியவற்றுக்கும், 2024 சனவரி 1 இலே விண்டோஸ் 7, 8 ஆகியவற்றுக்கும் தன் ஆதரவை நிறுத்திற்று. முறைமையை மாற்றினால் விளையாட்டு கெடலாம். மாற்றாவிடின் கடை மூடப்படுகின்றது.

2024 ஒக்டோபரிலே விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு வெளிவந்தது. யூபிசொப்ற் நிறுவனத்தின் 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையிற் சிலவும் 'ஸ்ரார் வோர்ஸ் அவுட்லோஸ்' முதலியனவும் அதன்கண் உறைந்தன. அவ்விளையாட்டுக்கள் உள்ள கணனிகளுக்கு அப்பதிப்பை அனுப்பாது மைக்ரோசொப்ற் நவம்பரிலே தடுத்து வைத்தது. திருத்தங்களை எழுதியது யூபிசொப்ற். 1995 இல் முறைமைக்குள்ளே செய்யப்பட்ட சிறப்பேற்பாட்டுக்கும் இதற்கும் உள்ள தூரம் மனங்கொள்ளத்தக்கது. யூபிசொப்ற் இருந்தது, எழுதியது. ஆக்கியோர் திரும்பிப் பாராத விளையாட்டுக்களின் நிலை யாது?

அதற்கும் அதே பதிப்பு ஓர் உதாரணத்தைத் தந்தது. 2005 இலே கணனிக்கு வந்த 'கிராண்ட் தெப்ற் ஓட்டோ: சான் அன்றியாஸ்' விளையாட்டிலே 'ஸ்கிம்மர்' எனும் நீர்விமானம் உண்டு. 24எச்2 வந்தபின் அவ்விமானம் நீர்ப்பரப்பிலே காணப்படவில்லை. செயற்கையாக வரவழைத்தாலோ, விளையாடுபவரையும் தூக்கிக்கொண்டு அளவிறந்த உயரத்துக்குப் பறந்தது. விளையாட்டு மாற்றங்களைச் செய்வதில் வல்லவரான 'சைலன்ற்' எனும் புனைபெயரினர் இதன் காரணத்தைத் தேடி 2025 ஏப்ரலிலே விளக்கினார். முந்திய 'வைஸ் சிற்றி' விளையாட்டிலே ஸ்கிம்மர் படகு வகையிற் சேர்க்கப்பட்டிருந்தது. படகுக்குச் சில்லு இல்லை. சான் அன்றியாஸிலே அதனை விமானமாக்கியோர், வாகனப் பட்டியற் கோப்பிலே சில்லின் அளவுகளைச் சேர்க்க மறந்தனர். செய்நிரல் அவ்வரியை வாசிக்கையில் எண் இல்லாத இடத்தில், முந்திய வரியில் வாசித்த வாகனத்தின் எண்களே நினைவகத்தில் எஞ்சியிருந்தன. ஏடு பெயர்த்தெழுதுவோன் விட்ட இடைவெளியை வாசிப்போன் முன்னடியின் சொற்கொண்டு தன்னையறியாது நிரப்பிக்கொண்டமை போன்றது இது, எவரும் கவனிக்கவில்லை. புதிய விண்டோஸிலே உட்செயலொன்று முன்னரினும் சற்று அதிகமான நினைவகத்தைப் பயன்படுத்திற்று. எஞ்சியிருந்த எண்கள் அழிந்தன, விமானம் பறந்தது.

சிம்சிற்றியின் வழுவுக்கும் இதற்கும் தன்மையில் வேறுபாடு பெரிதில்லை. இரண்டிலும் செய்நிரல், தனக்கு உரிமையில்லாத பழைய எச்சமொன்றை நம்பிற்று. வேறுபாடு, அதனைத் தேடியவர் யார் என்பதிலே உள்ளது. முன்னையதை முறைமையின் ஆக்குநரே சம்பளம் பெற்றுத் தேடினர். பின்னையதைத் தேடியவர் விளையாட்டின்மீது பற்றுக்கொண்ட தனியொருவர். தவறு விண்டோஸினுடையதன்று என அவர் தெளிவாகவே கூறினார். தம் திருத்தத்தை இலவசமாக வெளியிட்டதுடன், அதனை நிறுவ விரும்பாதோர்க்கு வேறொரு வழியையும் காட்டினார்: வாகனப் பட்டியற் கோப்பைத் திறந்து, ஸ்கிம்மரின் வரியிலே விடுபட்ட எண்களைத் தாமே தட்டெழுதிச் சேர்த்தல். அது வெறும் எழுத்துக் கோப்பு. எவருடைய அனுமதியும் அதற்குத் தேவைப்படவில்லை.