பத்திரத்தில் இல்லாத மனிதர்: சித்தூர், திருப்பதி நிலத்தரகும் பதிவு எண்ணும்

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். விற்றவர் பெயர் இருக்கும். வாங்கியவர் பெயர் இருக்கும். நான்கெல்லை, சாட்சிகள், பத்திரம் எழுதியவர், சார்பதிவாளர் என எல்லோரும் இருப்பர். அந்த இருவரையும் ஒரு திண்ணையில் உட்கார வைத்து, விலை பேசி, முன்பணம் கைமாறச் செய்த தரகர் மட்டும் இருக்கமாட்டார். அவர் அங்கே தென்பட்டால், பெரும்பாலும் சாட்சிகளுள் ஒருவராகவே தென்படுவார். நில வரலாற்றை ஆவணக்காப்பகத்திலிருந்து எழுதும் நமக்கு இது ஒரு முறையியல் சிக்கல். சந்தையை இயக்கியவர், சந்தை விட்டுச்சென்ற காகிதத்தில் இல்லை.

சொல் பழையது. பல்லவர், சோழர் செப்பேடுகளில் தானமாகக் கொடுத்த ஊருக்கு விலக்களிக்கப்பட்ட வரிகளின் பட்டியலில் ‘தரகு’ என்ற சொல்லும் வருகிறது. அன்றைய அரசு தரகை ஒரு வருவாயாகக் கண்டது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் தரகரை ‘முகவர்’ என்னும் பொதுக் கருத்தினுள் அடக்கியது. ஆனால் நிலத்தரகு செய்ய உரிமம் வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் எதுவும் 2016 வரை சொல்லவில்லை. ஹரியானா 2008இல் சொத்து வணிகர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டில் பத்திரம் எழுதுபவருக்கு 1982 முதல் உரிம விதிகள் உண்டு. பத்திரத்துக்குக் காரணமானவருக்கு இல்லை. எழுத்து கண்காணிக்கப்பட்டது, பேச்சு கண்காணிக்கப்படவில்லை.

இந்தப் பின்னணியில் சித்தூரையும் திருப்பதியையும் பார்ப்பது பயனுள்ளது. அங்கே ஒரு மனையின் உரிமை வரலாற்றை அறிவது எளிதன்று. 1911 ஏப்ரல் 1 வரை சித்தூர் நகரம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகர். திருப்பதி அதே மாவட்டத்தின் சந்திரகிரி வட்டத்தில் இருந்தது. அன்று வட ஆர்க்காட்டிலிருந்து சில வட்டங்களையும், கடப்பையிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு வட்டங்களையும் எடுத்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தனர். காளகஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி ஜமீன்களும் அதில் சேர்ந்தன. 1953இல் மாவட்டம் சென்னை மாநிலத்தை விட்டு ஆந்திர மாநிலத்துக்குச் சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று படாஸ்கர் ஏற்பாட்டின்படி திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். ஒரே குடும்பத்தின் ஒரே நிலம் மூன்று மாவட்டப் பெயர்களில் பதிவாகியிருக்க முடியும்.

பெயர் மாற்றத்தைவிட ஆழமானது உரிமையின் வகை. ஜமீன் கிராமங்களின் நிலம் 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் வழியே ரயத்துவாரி முறைக்கு மாறியது. இனாம் நிலங்கள் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாறின. திருப்பதியில் மேலும் ஒரு அடுக்கு உண்டு. 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயில் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்தது. 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி தேவஸ்தானம் அதை ஏற்றுக்கொண்டது. கோயில் நிலம், மட நிலம், தனியார் நிலம் ஆகிய மூன்றும் ஒரே நகரின் விரிவில் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. இவற்றோடு, நிலமற்ற ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலங்களும் உள்ளன. அவற்றுக்கான ஆவணத்தை மக்கள் ‘டி.கே.டி. பட்டா’ என்பர். 1977ஆம் ஆண்டு ஆந்திரச் சட்டம் அவ்வகை நிலத்தின் விற்பனையைச் செல்லாததாக்கி, அதை மீட்கும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. இருபது ஆண்டு கடந்த ஒப்படைகளுக்கு 2023ஆம் ஆண்டுத் திருத்தமே வழி திறந்தது. 2007இல் பதிவுச் சட்டத்தில் ஆந்திர அரசு சேர்த்த 22-ஏ பிரிவு, அரசு நிலம், அறநிலைய நிலம் போன்றவற்றின் பத்திரங்களைப் பதிய மறுக்க வகை செய்கிறது.

ஆகவே இப்பகுதியில் நல்ல தரகர் என்பவர் விலை அறிந்தவர் மட்டுமல்லர். ஒரு சர்வே எண்ணைச் சொன்னவுடன் அது ஜமீன் கிராமமா, இனாமா, மட நிலமா, டி.கே.டி.யா என்று சொல்லத் தெரிந்தவர். நிலவரித் திட்டப் பதிவேட்டை வருவாய்த் துறையினர் ‘டைக்ளாட்’ என்பர். இருமொழிப் பதிவேடு என்பது அச்சொல்லின் பொருள். அதில் என்ன எழுதியிருக்கிறது, அடங்கலில் பெயர் எப்போது மாறியது, வில்லங்கச் சான்று எந்த ஆண்டுக்குமுன் மௌனமாகிறது என்பன அவருடைய மூலதனம். அதை அவர் எந்தப் பள்ளியிலும் கற்கவில்லை. மூத்த தரகர் ஒருவர் பின்னால் நடந்தே கற்றார்.

அங்கேதான் தனித்துச் செயல்படுவதா, ஒருவரின் கீழ்ச் செயல்படுவதா என்ற கேள்வி பிறக்கிறது. அமெரிக்காவில் இதைச் சட்டமே தீர்க்கிறது. கலிபோர்னியா 1919 முதல் உரிம முறையை நடத்துகிறது. அங்கே விற்பனையாளர் உரிமம் பெற்றவர் ஒரு புரோக்கரின் பொறுப்பில்தான் தொழில் செய்யலாம். தனித்து நிற்க, அனுபவமும் மேல்நிலைத் தேர்வும் வேண்டும். இந்தியச் சட்டத்தில் இந்த இரு படிகள் இல்லை. தனிநபரும் பதியலாம், நிறுவனமும் பதியலாம். இருவருக்கும் ஒரே பெயர், முகவர். கீழே இருப்பவரின் நிலையை அறிய நாம் மீண்டும் 1872க்கே போக வேண்டியிருக்கிறது. முறையாக அமர்த்தப்பட்ட துணைமுகவரின் செயலுக்கு முதல்வரிடம் பொறுப்பேற்பவர் முகவரே என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 192ஆம் பிரிவு. துணைமுகவர் தம் முகவருக்குப் பொறுப்பானவர். மோசடியும் வேண்டுமென்றே செய்த தவறும் தவிர, முதல்வருக்கு அவர் நேரடியாகப் பொறுப்பல்லர். தாளில் இது இளையவருக்குக் காப்பு. நடைமுறையில் அவரை அமர்த்திய ஒப்பந்தமே வாய்மொழி. தரகுப் பங்கு கிடைக்காதபோது காட்ட அவரிடம் ஒரு துண்டுச்சீட்டும் இருப்பதில்லை. நிலத்தில் வில்லங்கம் வெளிப்பட்டால் வாங்கியவர் தேடிவருவது, நிலத்தைக் காட்டிய அவரைத்தான்.

2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், நாம் சுருக்கமாக ‘ரெரா’ என்பது, இந்த மனிதரை முதன்முறையாகக் காகிதத்துக்குள் அழைத்தது. அதன் வரையறை அகலமானது: வாங்குபவரையும் விற்பவரையும் அறிமுகம் செய்து தரகு பெறுபவர், எப்பெயரால் அழைக்கப்பட்டாலும், முகவரே. 9ஆம் பிரிவு பதிவைக் கட்டாயமாக்கியது. ஒரு பதிவு மாநிலம் முழுமைக்கும் செல்லும்; முகவர் முடித்துத் தரும் ஒவ்வொரு விற்பனையிலும் அவருடைய பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். 10ஆம் பிரிவு அவர் பதிவுபெறாத திட்டத்தை விற்கக் கூடாது, கணக்கு வைக்க வேண்டும், முன்பதிவின்போதே வாங்குபவருக்குரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. மீறினால் 62ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 10,000 ரூபாய். மொத்தத்தில் சொத்து விலையின் 5 சதவீதம் வரை அபராதம். ஆந்திரப் பிரதேசம் 2017இல் தன் விதிகளை அறிவித்தது.

பத்திரத்தில் இல்லாதவருக்கு ஓர் எண் கிடைத்தது என்பது வரலாற்றில் சிறிய செய்தியன்று. ஆயினும் 9ஆம் பிரிவின் சொற்களை மெல்ல வாசிக்க வேண்டும். திட்டப் பகுதிக்குள், 3ஆம் பிரிவின் கீழ்ப் பதிவான திட்டத்தில், மேம்பாட்டாளர் விற்கும் மனைக்கோ வீட்டுக்கோ கட்டடத்துக்கோதான் அந்தக் கட்டாயம். அதாவது, வரைபடம் ஒப்புதலாகி, உரிமை ஆவணங்கள் ஆணையத்தின்முன் வைக்கப்பட்ட மனைப்பிரிவில். சித்தூரில் ஒருவர் தம் பழைய வீட்டை இன்னொருவருக்கு விற்கும்போதும், கிராமத்தில் இரண்டு ஏக்கர் கைமாறும்போதும், இடையில் நிற்பவருக்கு அந்த எண் தேவையில்லை. ஜமீனும் இனாமும் மடமும் ஒப்படையும் பின்னிக்கிடப்பது பெரும்பாலும் அங்கேதான். எங்கே நிலத்தின் கடந்தகாலம் ஓரளவு சலிக்கப்பட்டுவிட்டதோ, அங்கே முகவர் பதிவு பெறுகிறார். எங்கே அது சலிக்கப்படவில்லையோ, அங்கே அவர் இன்னும் வெறும் சாட்சி.

இரண்டாவது குறை, பதிவு எதைச் சோதிக்கிறது என்பது. அடையாளம், முகவரி, நிரந்தரக் கணக்கு எண், கட்டணம் ஆகியவை கேட்கப்படுகின்றன. சட்டம் கல்வித் தகுதியையோ தேர்வையோ விதிக்கவில்லை. மகாராஷ்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தகுதித் தேர்வையும் கொண்டுவந்தது. டைக்ளாட்டை வாசிக்கத் தெரிந்த முதியவருக்கும் நேற்றுத் தொழிலுக்கு வந்தவருக்கும் ஒரே வகை எண் என்றால், அந்த எண் ஆள் யார் என்று சொல்கிறது. அவர் அறிந்தது என்ன என்று சொல்வதில்லை.

இதற்கு ஒரு முன்நிகழ்வும் உண்டு. 1998இல் ஒருங்கிணைந்த ஆந்திரம் பதிவு அலுவலகங்களைக் கணினிமயமாக்கி ‘கார்டு’ திட்டத்தைத் தொடங்கியது. இடைத்தரகரை அகற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சில ஆண்டுகள் கழித்து வெளிவந்த ஆய்வு, மக்கள் அப்போதும் பத்திர எழுத்தர் வழியாகவே அலுவலகத்தை அணுகியதைக் காட்டியது. இயந்திரம் வேகத்தைக் கொடுத்தது. பதிவேட்டை விளக்கிச் சொல்லும் மனிதரின் தேவையை அது நீக்கவில்லை. இடைநிலையாளரை ஒழிக்க முயல்வதைவிட, அவருடைய அறிவை அளந்து பொறுப்பை எழுத்தாக்குவதே ஏற்றது என்பது அதன் பாடம் என்று கருதுகிறேன். மறுவிற்பனைக்கும் பதிவு நீள வேண்டும். உள்ளூர் நில உரிமை வரலாறு தேர்வில் ஒரு பகுதியாக வேண்டும். மூத்தவர் இளையவரை அமர்த்தும்போது எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். வாழ்நாள் சேமிப்பை ஒரு டி.கே.டி. நிலத்தில் போட்டுவிட்டுச் சார்பதிவாளர் மேசையில் 22-ஏ என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும் குடும்பத்துக்கு, இவை காகிதச் சீர்திருத்தங்கள் அல்ல.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நில வரலாற்றுக்காகக் களத்துக்குச் செல்லும்போது, வட்டாட்சியர் அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்ததோடு நின்றுவிடாதீர்கள். அதன் வாசலில் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் முதிய தரகரிடமும் பேசுங்கள்; அவருடைய சொற்களைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். அவர் விட்டுச்செல்லும் ஆவணம் வேறு எதுவும் இல்லை.