ஒரு தராசு, இரண்டு படிக்கல்: கம்பைலரின் கதை



"சும்மா கிடைக்கிற மென்பொருள், காசு குடுத்து வாங்கிறது மாதிரி வேலை செய்யுமா?" உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு வரியில் பதில் சொல்வதைவிட, கம்பைலரின் வரலாற்றைச் சொல்வது நல்லது என்று நினைக்கிறோம்.

கம்பைலர், தமிழில் தொகுப்பான். நாம் எழுதும் நிரலை எந்திர மொழிக்கு மாற்றித் தருவது அதன் வேலை. வானிலைக் கணிப்பு போல நெடுநேரம் ஓடும் விஞ்ஞானக் கணக்குகளில், அந்த வேலையை அது எவ்வளவு கெட்டித்தனமாகச் செய்கிறது என்பது பெரிய விடயம். ஒரே நிரல், ஒரே கணினி. கம்பைலரை மாற்றினால் ஓடும் நேரமும் மாறும்.

1957 இல் ஐபிஎம் நிறுவனத்தில் ஜோன் பேக்கஸ் குழுவினர் ஃபோட்ரான் கம்பைலரை வெளியிட்டார்கள். கையால் எழுதும் எந்திர மொழியின் வேகம் இதில் எப்படி வரும் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். கிட்டத்தட்ட அந்த வேகம் வந்தது. பிறகு, கணினி செய்யும் நிறுவனங்கள் தத்தம் கம்பைலர்களைக் காசுக்கு விற்றன.

1987 இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் ஜிசிசியை வெளியிட்டார். காசு இல்லை என்பது மட்டுமல்ல, உள்ளே என்ன நடக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். ஆனால் ஃபோட்ரானில் அது நெடுநாள் பின்தங்கியே இருந்தது. ஃபோட்ரான் 90 ஐ விளங்கிக்கொள்ளும் ஜிஃபோட்ரான், 2005 இல் ஜிசிசி 4.0 உடன்தான் வந்தது. பல எண்களை ஒரே அடியில் கணக்கிடும்படி நிரலைத் தானாக மாற்றும் வசதியும் அந்தப் பதிப்பில்தான் முதலில் சேர்ந்தது. அதுவரை எண் கணக்குகளில் இன்டெல் விற்ற கம்பைலர் பல வேளைகளில் முந்தியது உண்மை. சில்லைச் செய்தவருக்கு அதன் நெளிவுசுளிவு தெரியும்தானே.

அந்தக் காலத்தில்தான் சாதாரணக் கணினிகளைக் கோத்துப் பெருங்கணினி செய்யும் வழக்கமும் பரவியது. சென்னைக் கணித அறிவியல் நிறுவனம் 2004 இல் 144 கணினிகளை இணைத்து, லினக்ஸில் ஓடும் 'கப்ரு'வை அமைத்தது. அதில் இருந்தவை இன்டெல் சில்லுகள். வேறு பல இடங்களில் ஏஎம்டி சில்லுகளை வாங்கினார்கள். சிக்கல் அங்கேதான் வந்தது.

இன்டெல் கம்பைலர் உருவாக்கிய நிரல், ஓடத் தொடங்கும்போது சில்லின் பெயரைப் பார்க்கும். இன்டெல் என்றால் வேகமான பாதை. வேறு பெயர் என்றால், அந்தச் சில்லுக்கும் அதே திறமை இருந்தாலும், மெதுவான பாதை. டென்மார்க்கைச் சேர்ந்த அக்னர் ஃபொக் இதைச் சோதித்து எழுதினார். 2009 டிசெம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் இன்டெல்மீது தொடுத்த முறைப்பாட்டில் இதுவும் ஒன்று. 2010 இல் இணக்கம் ஏற்பட்டது. தன் கம்பைலர் மற்றவர் சில்லுகளுக்கு அதே அளவு உழைக்காமல் போகலாம் என்று வாங்குபவர்களுக்கு இன்டெல் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆனையிறவு உப்பு விளையும் இடம். நிறுவை என்றால் என்ன என்று எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ஆளைப் பார்த்துப் படிக்கல்லை மாற்றும் கடைக்கு நாம் திரும்பிப் போவதில்லை. அளவையில் குறைப்போரைக் கண்டித்துத் திருக்குர்ஆனில் ஒரு ஸூராவே உண்டு, 83 ஆவது. மூடிய பெட்டிக்குள் இருக்கும் தராசில் இதைக் கண்டுபிடிக்கப் பல வருடம் பிடித்தது. திறந்த தராசில் எவரும் பார்த்துவிடலாம்.

வேகப் போட்டிகளை நம்பும்போதும் கவனம் வேண்டும். 10,000,000,000,000,000 உடன் 1 ஐக் கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழியுங்கள். கணினி வழக்கமான இரட்டைத் துல்லியத்தில் 0 என்று சொல்லும். கழித்தலை முதலில் செய்தால் 1. வரிசை மாறினால் விடையே மாறுகிறது. நாம் கேட்காத வரை ஜிசிசி இந்த வரிசையில் கைவைக்காது. இன்டெல் கம்பைலரோ வேகத்துக்காக இதைத் தானாகவே தளர்த்திவிடும். இரண்டையும் அப்படியே ஓடவிட்டு "இது வேகம்" என்பது நியாயமான ஒப்பீடு அல்ல.

முடிவு என்ன ஆனது? இலினோய் பல்கலைக்கழகத்தில் பிறந்து 2003 இல் வெளிவந்த எல்எல்விஎம் என்ற திறந்த அடித்தளத்தின் மீதே இன்டெல் இன்று தன் கம்பைலர்களைக் கட்டுகிறது. அவற்றைக் காசு வாங்காமலும் தருகிறது. ஏஎம்டியின் கம்பைலருக்கும் அதுவே அத்திவாரம். விற்றவர்களே திறந்த வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள்.

ஆகவே பிள்ளைகளே, திருட்டுப் பிரதி தேடி அலைய வேண்டாம். அது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி குற்றம், அமானிதத்துக்கும் மாறு. அதற்கான தேவையும் இன்று இல்லை. உலகின் பெரிய ஆய்வுகூடங்களில் ஓடும் ஜிசிசியே எங்கள் பாடசாலையின் பழைய கணினியிலும் ஓடும். வன்னிப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் ஒரே படிக்கல்தான். இனி நிறுத்துக் காட்ட வேண்டியது உங்கள் உழைப்பைத்தான்.