பதினெட்டு வரை வகுபடும் எண்

தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவனுக்கு எந்த எண்ணைப் பார்த்தாலும் ஒரே யோசனைதான்: இதை எத்தனை பேருக்கு மிச்சமில்லாமல் பிரிக்கலாம்? குரோஸ் 144, பண்டல் 600. இரண்டுமே மூன்று, நான்கு, ஆறு என்று கேட்டபடி பிரியும். ஏழு என்றால் முரண்டு பிடிக்கும். அந்தப் பழக்கதோஷத்தில்தான், வேலையை விட்டு இருக்கன்குடிக்கு வந்தபின் 2323824530227200000000 என்ற எண்ணைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தேன்.

இருபத்திரண்டு இலக்கம். தமிழ்க் கீழ்வாய் எண்களில், அதாவது பின்னங்களில், கடைசிப் படி தேர்த்துகள். ஒன்றை இத்தனை கூறாக்கினால் அதில் ஒரு கூறு. முதலில் ஒன்றை 320 ஆக்கினால் முந்திரி. முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி, அதாவது 102400இல் ஒன்று. இதுவரை 2, 5 தவிர வேறு பகா எண் இல்லை. அதை 21 ஆக்கினால் இம்மி. 3ம் 7ம் உள்ளே வந்துவிட்டன. மும்மிக்கு 11. நாகவிந்தத்துக்கு 17. இப்படி முழு எண்ணாகவே இறங்கிவந்த பட்டியல், நுண்மணலிலிருந்து தேர்த்துகளுக்குப் போகும்போது மட்டும் ஆறரை மடங்கு என்கிறது. இது என்ன அரைகுறைக் கணக்கு என்று எரிச்சல்தான் வந்தது. ஆனால் ஆறரை என்பது 13இல் பாதி. அதுவரை எங்கும் தலைகாட்டாத 13 அந்த வழியாகத்தான் வருகிறது!

முழுதும் பிரித்தால் 2 இருபத்திரண்டு தடவை, 3 ஐந்து, 5 எட்டு, 7 நான்கு, பிறகு 11, 13, 17 ஒவ்வொரு தடவை. ஆக 1 முதல் 18 வரை எந்த எண்ணும் இதை மீதியின்றி வகுக்கும். முதலில் இடிப்பது 19. மொத்த வகுத்திகள் 49680.

நில வரிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு வேலியில் 52428800000இல் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டிருப்பதைக் கல்வெட்டறிஞர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். அந்த எண், நான்கு 320களின் பெருக்கத்தை ஐந்தால் பெருக்கியது. 2ம் 5ம் மட்டுமே. வேலியை ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் குறைந்த ஏக்கராக, அதாவது 6.67 என்று வைத்தால், அந்தத் துண்டு அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு உட்காரக்கூட இடம் போதாது. எந்த அளவுகோலும் அதைத் தொட்டிருக்காது, ஓலையில் பங்கு பிரித்தபோது விழுந்த மிச்சம் அது. அது வரிக் கணக்கன் எண். தேர்த்துகள், யாரோ ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார் ஆசையாகக் கட்டிய எண் என்றுதான் எனக்குப் படுகிறது.

மூன்றின் அருமை காசில்தான் தெரியும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி, ஆக 192. மூன்று பேருக்கு ஆளுக்கு 64. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசா ஆனது. ஆளுக்கு 33 கொடுத்து, ஒரு பைசாவை யாருக்குக் கொடுப்பது என்று பார்க்க வேண்டியதாயிற்று.